ஜாய்ஸ்டிக்கும் ரடர் பெடலும் படுத்தும் பாடு: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டருக்காகப் புதிதாக ஜாய்ஸ்டிக்கும் ரடர் பெடலும் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால்துடுப்பான ரடரைக் காலால் இயக்கும் கருவி) மாட்டியவர்கள், ஏதாவது தப்பாக நடந்ததும் முதலில் ஓடுவது கேலிப்ரேஷனுக்கு, அதாவது கருவியின் வீச்சையும் நடுவையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு. அதில் சரியாகவில்லை என்றால் டெட்ஸோனை (அசைத்தாலும் கட்டளை போகாத பகுதியை) கூட்டுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பொருளைத் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டியைத் தேடுவார்கள். மூன்றுமே கடைசியில் வர வேண்டியவை. பல நேரம் பொருள் நன்றாகத்தான் இருக்கும். ஒரே அச்சுக்கு (ஒரு திசையிலான அசைவுக்கு) இரண்டு கருவிகள் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கும், பிரேக் தலைகீழாக இருக்கும், இல்லையென்றால் அந்த விமானத்தின் சுபாவமே அதுவாக இருக்கும்.

கோளாறு இருக்கக்கூடிய இடம் நான்கு: கருவி, விண்டோஸ், சிமுலேட்டரின் செட்டிங், விமானம். எந்த இடம் என்று தெரியும்வரை எதிலும் கை வைக்க வேண்டாம். கை வைத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று அடுத்த முறை தெரியாது.

கீழே உள்ளது விண்டோஸ் 10, 11ஐ மனதில் வைத்து எழுதியது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, 2024, எக்ஸ்-பிளேன் 12, போர் விமானங்களுக்கான டிசிஎஸ் எதுவானாலும் யோசிக்கும் முறை ஒன்றுதான், மெனுவின் பெயர்தான் மாறும்.

எதற்கும் முன்னால்: சிமுலேட்டரை மூடிவிட்டுப் பாருங்கள்

விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டுங்கள். இணைத்திருக்கும் ஜாய்ஸ்டிக், த்ராட்டில் (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி), பெடல் எல்லாம் பட்டியலாக வரும். ஒன்றைத் தேர்ந்து ப்ராப்பர்ட்டீஸ் அழுத்தினால் டெஸ்ட் பக்கம் திறக்கும். ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் சதுரத்துக்குள் கூட்டல் குறி நகரும். மற்ற அச்சுகள் பட்டைகளாக ஏறி இறங்கும். பட்டன்கள் எண்ணோடு எரியும்.

கோடி முதல் கோடி வரை முழு வீச்சும் வருகிறதா, கையை எடுத்ததும் நடுவுக்குத் திரும்புகிறதா, மிக மெதுவாக நகர்த்தும்போது தாவாமல் நகர்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் கருவியும் விண்டோஸும் பாஸ். இனிமேல் தேட வேண்டியது சிமுலேட்டருக்குள். இங்கேயே தாவுகிறது என்றால் சிமுலேட்டரைத் திறந்து பயனில்லை. லினக்ஸில் இதே வேலையை ஜேஎஸ்டெஸ்ட்-ஜிடிகே என்ற சின்ன மென்பொருள் செய்யும்.

பெடலின் டெஸ்ட் பக்கத்தைத் திறந்ததும் பலர் பதறுவது ஒன்று உண்டு. கூட்டல் குறி நடுவில் நிற்காமல் சதுரத்தின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். டோ பிரேக் (பெடலின் மேல்பகுதியை விரல் பக்கத்தால் அழுத்தும் சக்கர பிரேக்) உள்ள பெடல்களில் இரண்டு பிரேக்குகளும் எக்ஸ், ஒய் அச்சுகளாகவும், ரடர் இசட் ரொட்டேஷன் பட்டையாகவும் வருவது வழக்கம். பிரேக்கைத் தொடாதபோது இரண்டு அச்சும் ஒரு கோடியில் கிடப்பதால் குறி மூலையில் நிற்கிறது. அது கோளாறே இல்லை. விண்டோஸ் கேலிப்ரேஷனோ எல்லா அச்சுக்கும் நடுப்புள்ளி இருக்கும் என்ற எண்ணத்தில் கேள்வி கேட்கும். பிரேக்குக்கு ஏது நடுப்புள்ளி?

ஏற்கெனவே கேலிப்ரேட் செய்து குழப்பியிருந்தால் அதே ஜன்னலில் செட்டிங்ஸ் பக்கம் போய் ‘ரீசெட் டு டிஃபால்ட்’ அழுத்துங்கள். பிறகு யூஎஸ்பியைக் கழற்றி, கையும் காலும் கருவியின் மேல் படாமல் மறுபடி மாட்டுங்கள். மாட்டும் நொடியில் இருக்கும் நிலையையே நடுவென்று எடுத்துக்கொள்ளும் கருவிகள் உண்டு. பெடலின் மேல் கால் இருந்தபடியே கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அன்று முழுக்க ரடர் ஒரு பக்கம் இழுக்கும். மாட்டிய பிறகு எல்லா அச்சையும் ஒருமுறை கோடிவரை கொண்டுபோய் விடுங்கள்.

“பெடல் பட்டியலிலேயே இல்லை”

எல்லாப் பெடலுக்கும் யூஎஸ்பி கிடையாது. த்ரஸ்ட்மாஸ்டர் டிஎஃப்ஆர்பி பெடலின் ஒயர் நுனியில் இருப்பது பழைய டெலிஃபோன் பிளக் போன்ற ஆர்ஜே12. அதை டிடபிள்யூசிஎஸ் த்ராட்டிலின் பின்புறம் செருக வேண்டும். அப்போது விண்டோஸில் பெடல் தனிப் பெயரோடு வராது, த்ராட்டிலுக்கே கூடுதல் அச்சுகள் முளைத்தாற்போல் தெரியும். சிமுலேட்டரிலும் த்ராட்டிலின் பெயருக்குள்தான் தேட வேண்டும். த்ராட்டில் இல்லாதவர்களுக்குத் தனி யூஎஸ்பி அடாப்டர் இருக்கிறது. அந்தப் பிளக் கம்ப்யூட்டரின் லேன் துளைக்குள்ளும் போகும், அங்கே செருக வேண்டாம்.

யூஎஸ்பி பெடலாக இருந்தும் வரவில்லை என்றால் ஹப்பை விட்டுவிட்டு மதர்போர்டின் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். அங்கேயும் வராவிட்டால் வேறொரு கம்ப்யூட்டரில். அதிலும் வராததைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

“த்ராட்டிலை முழுக்கத் தள்ளியும் விமானம் நகரவில்லை”

பார்க்கிங் பிரேக்கைப் பார்த்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சந்தேகம் டோ பிரேக்.

பிரேக் அச்சு தலைகீழாக இருந்தால், காலால் தொடாதபோது முழு பிரேக், முழுக்க மிதித்தால் பிரேக் விடுபடும். சோதனை எளிது: இரண்டு பிரேக்கையும் கோடிவரை மிதித்துக்கொண்டே த்ராட்டிலைக் கொடுங்கள். விமானம் அப்போது ஓட ஆரம்பித்தால் விடை கிடைத்துவிட்டது. கண்ட்ரோல் செட்டிங்கில் அந்த இரண்டு அச்சுக்கும் எதிரே ‘ரிவர்ஸ்’ கட்டத்தை டிக் செய்தால், அல்லது இருக்கும் டிக்கை எடுத்தால், போதும். பல பெடல்களில் தொடாத நிலை எந்தக் கோடி என்பதும் சிமுலேட்டர் எந்தக் கோடியை எதிர்பார்க்கிறது என்பதும் ஒத்துப்போவதில்லை. அதனால் இது புதுப் பெடல்களிலும் சகஜம்.

இன்னொரு வகை கொஞ்சம் தந்திரமானது. விமானம் நகரும், ஆனால் சேற்றில் போவதுபோல் நகரும், அல்லது நேராக ஓடாமல் ஒரு பக்கமே திரும்பும். இங்கே ஒரு பிரேக் மட்டும் லேசாகப் பிடித்திருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்து பெடல் முழுதும் மேலே வராமல் இருக்கலாம். அதைவிட அதிகம் நடப்பது, ஓட்டுபவரின் பாதமே பிரேக்கின் மேல் படுத்திருப்பது. ரடரை மிதிக்கும்போது குதிகால் தரையில், பாதத்தின் முன்பகுதி பெடலின் அடிப்பாகத்தில் இருக்க வேண்டும். பிரேக் வேண்டும்போது மட்டும் பாதத்தை மேலே ஏற்றி விரல் பக்கத்தால் அழுத்துவது. நிஜ விமானத்திலும் இப்படித்தான்.

அச்சு கோடியில் ஒரு துளி குறைவாக நிற்கிறது என்று தெரிந்தால் இங்கே டெட்ஸோன் வைக்கலாம். பிரேக்கின் தொடக்கத்தில் 5 சதவீதம் செத்துக்கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ரடரில் அப்படி வைப்பதற்குத்தான் யோசிக்க வேண்டும், அதைப் பிறகு பார்ப்போம்.

பெயரையும் கவனியுங்கள். சிமுலேட்டர் பட்டியலில் ‘லெஃப்ட் பிரேக்’ என்று ஒன்றும் ‘லெஃப்ட் பிரேக் ஆக்சிஸ்’ என்று ஒன்றும் இருக்கும். முதலாவது பட்டனுக்கானது. பெடலை அதில் பைண்ட் செய்தால் (இணைத்தால்) பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்காது.

“பிரேக்கைத் தொட்டால் விமானம் பக்கவாட்டில் உருளுகிறது” அல்லது “ஏறியதும் தானாகவே சாய்ந்துவிடுகிறது”

புதுப் பெடல் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். காரணமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: இரட்டை பைண்டிங்.

புதுக் கருவி ஒன்றைக் கண்டதும் உதவி செய்வதாக நினைத்து அதன் அச்சுகளைத் தானே ஒதுக்கிவிடும் பழக்கம் சில சிமுலேட்டர்களுக்கு உண்டு. டிசிஎஸ் இதில் முன்னணி. எக்ஸ் அச்சு வந்தால் ரோல் (பக்கவாட்டுச் சாய்வு), ஒய் அச்சு வந்தால் பிட்ச் (மூக்கு மேலும் கீழும் போவது) என்று, அது ஜாய்ஸ்டிக்கா பெடலா என்று பார்க்காமல் கொடுத்துவிடும். பெடலின் எக்ஸும் ஒய்யும் பிரேக்குகள் அல்லவா? தொடாதபோது அவை கோடியில் கிடக்கின்றன. விமானத்தைப் பொறுத்தவரை யாரோ ஸ்டிக்கை ஒரு மூலைக்கு முழுக்கத் தள்ளிப் பிடித்திருக்கிறார்கள். நீங்கள் ஜாய்ஸ்டிக்கால் எதிர்த்துப் போராடுகிறீர்கள்.

டிசிஎஸ்ஸில் கண்ட்ரோல்ஸ் பக்கம் போய், விமானத்தைத் தேர்ந்து, ‘ஆக்சிஸ் கமாண்ட்ஸ்’ பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பத்தி இருக்கும். பிட்ச், ரோல் வரிசைகளில் ஜாய்ஸ்டிக்கின் பத்தியில் மட்டும் ஏதாவது இருக்கலாம். பெடல், த்ராட்டில் பத்திகளில் இருப்பதை அழித்துவிடுங்கள். ரடர் வரிசையில் பெடல் மட்டும். விமானத்துக்கு விமானம் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பதுதான் எரிச்சல்.

மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் இதே கதை வேறு வேஷத்தில் வரும். ஜாய்ஸ்டிக்கின் கைப்பிடியைத் திருகினால் ரடர் அசையும் வசதி பலவற்றில் இருக்கிறது. பெடல் வந்த பிறகும் அந்தத் திருகல் ரடரோடு பைண்ட் ஆகியே இருக்கும். நீங்கள் பெடலை மிதிக்க, கை தன்னறியாமல் ஸ்டிக்கைச் சற்றே திருக, இரண்டு கட்டளையும் மோதும். ரடர் திடீரென நடுவுக்குத் துள்ளி வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஜாய்ஸ்டிக் ப்ரொஃபைலைத் திறந்து ரடர் ஆக்சிஸ் பைண்டிங்கை நீக்குங்கள். சில ஜாய்ஸ்டிக்குகளில் திருகலைப் பூட்ட ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதையும் இறுக்கிவிட்டால் கை அலைபாயாது.

மேசை ஓரத்தில் கேம்பேட் ஒன்று இணைந்து கிடக்கிறதா? அதன் குச்சியும் ஒரு ஜாய்ஸ்டிக்தான். பறக்கும்போது கழற்றி வையுங்கள். ஸ்டீம் வழியாக வாங்கிய சிமுலேட்டராக இருந்தால், அந்த விளையாட்டின் ப்ராப்பர்ட்டீஸில் ‘ஸ்டீம் இன்புட்’ என்பதை அணைத்தும் பாருங்கள்.

திசையே தலைகீழாக இருக்கிறதா என்று தெரிய ஊகம் வேண்டாம். நிஜ விமானிகள் டேக்ஆஃபுக்கு முன் செய்யும் சோதனையையே செய்யலாம். வெளிக் காமிராவுக்குப் போய் விமானத்தைப் பின்னாலிருந்து பாருங்கள். ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இடது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) மேலே, வலது எய்லரான் கீழே போக வேண்டும். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் எலிவேட்டர் (வாலில் கிடையாக இருக்கும் அசையும் பலகை) மேலே எழும்ப வேண்டும். வலது பெடலை மிதித்தால் ரடரின் பின்விளிம்பு வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஒரு நிமிட வேலை. தவறான பைண்டிங்குகள் பெரும்பாலும் இங்கேயே பிடிபட்டுவிடும்.

“ரடர் நடுவில் நிற்காமல் நடுங்குகிறது”

டெஸ்ட் பக்கத்துக்குத் திரும்புங்கள். காலை எடுத்த பிறகும் பட்டை துடித்துக்கொண்டிருந்தால் கோளாறு கருவியில். அங்கே அமைதியாக இருந்து சிமுலேட்டரில் மட்டும் நடுங்கினால் மேலே சொன்ன இரட்டை பைண்டிங்.

கருவியில் என்றால், உள்ளே என்ன சென்சர் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். விலை குறைந்தவற்றில் பொட்டன்ஷியோமீட்டர் இருக்கும். கார்பன் பூசிய ஒரு தடத்தின் மேல் சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே நகர்கிறது, அது நிற்கும் இடத்துக்கேற்ப மின்னழுத்தம் மாறுகிறது. தடம் தேய்ந்தாலோ தூசி படிந்தாலோ அந்த இடத்தில் எண் தாவும். நாக்கு அதிக நேரம் உட்கார்ந்து அசைவது நடுப்பகுதியில் என்பதால் தேய்மானமும் அங்கேதான் முதலில் தெரியும். ஹால் சென்சரில் உரசலே கிடையாது. ஒரு காந்தம் நகர, எதிரே இருக்கும் சில்லு காந்தப்புலத்தை அளக்கிறது. அதனால் தேய்மானமும் இல்லை. ஒரே கருவிக்குள் இரண்டும் கலந்திருக்கலாம். டி.16000எம் ஜாய்ஸ்டிக்கில் முன்பின், இடவல அசைவுகளுக்கு ஹால் சென்சர், கைப்பிடித் திருகலுக்குப் பொட்டன்ஷியோமீட்டர். ஆகவே ‘ஹால் சென்சர்’ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் எந்த அச்சுக்கு என்று கேட்டு வாங்குவது நல்லது.

பொட்டன்ஷியோமீட்டர் நடுக்கத்துக்கு முதல் வைத்தியம் இலவசம். பெடலைக் கோடி முதல் கோடி வரை இருபது முப்பது முறை வேகமாக அசையுங்கள். தூசிதான் காரணம் என்றால் நாக்கே தடத்தைத் துடைத்துவிடும். குறையவில்லை என்றால் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. வீட்டில் கதவுக் கீலுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது பிசுக்கை விட்டுப்போய் மேலும் தூசியைப் பிடிக்கும். கருவியைத் திறக்கும் முன் வாரன்ட்டி இருக்கிறதா பாருங்கள். ஸ்க்ரூவை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்கும் முன் ஒரு தரம் யோசியுங்கள்.

ஒயரை லேசாக ஆட்டிப் பார்ப்பதும் முக்கியம். ஆட்டும்போது மட்டும் எண் தாவினால் சென்சரைக் குறை சொல்ல வேண்டாம், உள்ளே ஒயர் இற்றுப்போகிறது. பெடல் முன்னும் பின்னும் சறுக்கும் அமைப்பில் ஒயர் தினமும் மடங்கி நிமிர்வதால் இது எதிர்பார்க்கக் கூடியதே.

இப்போது டெட்ஸோன். நடுவில் 2, 3 சதவீதம் வைத்து நடுக்கம் அடங்கினால் வைத்துக்கொள்ளுங்கள். 10, 15 என்று போக வேண்டியிருந்தால் அது கோளாறைப் போர்த்தி மூடுவது. தரையிறங்கும்போது ரடரில் தேவைப்படுவது நடுவைச் சுற்றிய சின்னச் சின்ன அசைவுகள்தான். அந்த இடமே செத்துக்கிடந்தால், மிதிக்கும்போது ஒன்றும் நடக்காமல் இருந்து திடீரென்று அதிகமாகத் திரும்பும். பிறகு எதிர்ப்பக்கம் மிதிப்பீர்கள், அங்கேயும் அதே கதை. ஓடுபாதையில் பாம்புபோல் நெளிகிறவர்களில் பலருக்கு வியாதி இதுதான்.

“டேக்ஆஃப் ஓட்டத்தில் இடப்பக்கமே இழுக்கிறது”

செஸ்னா 172இல் த்ராட்டிலை முழுக்கத் தள்ளியதும் மூக்கு இடப்பக்கம் ஓடினால், வாழ்த்துகள், எல்லாம் சரியாக வேலை செய்கிறது.

விமானி இருக்கையிலிருந்து பார்க்கும்போது அதன் புரொப்பெல்லர் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. அதற்கு எதிர்வினையாக விமானம் இடப்பக்கம் உருளப் பார்க்கிறது, இடது சக்கரத்தில் சுமை கூடுகிறது. புரொப்பெல்லர் தள்ளும் காற்று உடலைச் சுற்றிச் சுருளாக ஓடி வால்துடுப்பின் இடப்பக்கம் மோதுகிறது, வால் வலப்பக்கம் போக மூக்கு இடப்பக்கம் வருகிறது. மூக்கைத் தூக்கிய பிறகு, கீழ்நோக்கி வரும் வலது இலை மேலேறும் இடது இலையைவிட அதிகமாக இழுக்கிறது. எல்லாம் ஒரே பக்கம் சேர்வதால் வலது பெடல் வேண்டும். வேகம் குறைந்து சக்தி அதிகமாக இருக்கும்போது மிக அதிகமாக வேண்டும். எல்லா விமானமும் இடப்பக்கமே இழுக்கும் என்றும் இல்லை. மெர்லின் எஞ்சின் ஸ்பிட்ஃபயர் இடப்பக்கம் ஓடும். எதிர்த்திசையில் சுழலும் கிரிஃபன் எஞ்சின் பொருத்திய பிந்தைய ஸ்பிட்ஃபயர் வலப்பக்கம் ஓடும்.

காற்றும் சேர்ந்துகொள்ளும். விமானம் தன் மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பப் பார்க்கும். சென்னை விமான நிலையத்தின் 07 ஓடுபாதையில் நிற்கிறீர்கள், காற்று தெற்கிலிருந்து வருகிறது என்றால், அது வலப்பக்கக் காற்று. மூக்கு வலப்பக்கம் போகப் பார்க்கும்.

சரி, இது விமானத்தின் சுபாவமா, என் பெடலின் கோளாறா என்று எப்படிப் பிரிப்பது? வானிலையில் காற்றைப் பூஜ்யமாக்குங்கள். ஓடுபாதையில் கொஞ்சம் வேகம் எடுத்து, த்ராட்டிலை முழுக்கக் குறைத்துவிட்டு, பெடலிலிருந்து கால்களை எடுத்துவிடுங்கள். எஞ்சின் சக்தி இல்லாதபோது விமானம் நேராக உருண்டால் இழுத்தது புரொப்பெல்லர். அப்போதும் ஒரு பக்கம் போனால் பிரேக்கையும் ரடரின் நடுப்புள்ளியையும் மேலே சொன்னபடி பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான புகாரும் உண்டு: “பெடல் வாங்கினேன், ஆனால் மிதிக்கத் தேவையே இல்லை, விமானம் தானே நேராக ஓடுகிறது.” மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் அசிஸ்டன்ஸ் பக்கத்தில் ஆட்டோ-ரடர் ஆன் ஆகி இருக்கும். பெடல் இல்லாதவர்களுக்காக வைத்த வசதி அது. அணைத்துவிட்டு, முதல் சில டேக்ஆஃப்கள் கேவலமாக இருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

“பெடலை முழுக்க மிதித்தும் ஏர்பஸ் டாக்ஸிவேயில் திரும்பவில்லை”

திரும்பாது. ஏ320இல் பெடல் மூக்குச் சக்கரத்தை இரு பக்கமும் 6 டிகிரிதான் திருப்பும், போயிங் 737இல் 7 டிகிரி. அது ஓடுபாதையில் நேராக ஓடுவதற்கு. டாக்ஸிவே (ஓடுபாதைக்குப் போகும் வழி) வளைவுகளுக்கு விமானியின் கைப்பக்கம் டில்லர் என்று தனிப் பிடி இருக்கிறது. ஏ320இல் அது 75 டிகிரி வரை, 737இல் 78 டிகிரி வரை திருப்பும். எக்ஸ்-பிளேனில் ‘நோஸ்வீல் டில்லர்’ என்று தனி அச்சே உண்டு. பெடல் வந்த பிறகு வேலையில்லாமல் கிடக்கும் கைப்பிடித் திருகலை அதற்குக் கொடுத்துவிடுங்கள். செஸ்னா 172இலும் பெடலால் மட்டும் சக்கரம் திரும்புவது சுமார் 10 டிகிரி. இன்னும் வேண்டுமென்றால் அந்தப் பக்கப் பிரேக்கையும் சேர்த்து மிதித்தால் 30 டிகிரி வரை போகும்.

ஏர்பஸ்ஸில் வரும் இன்னொரு சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஸ்டிக்கை நடுவுக்கு விட்டபிறகும் மூக்கு மேலேயே நிற்கிறது என்றால் ஜாய்ஸ்டிக் ஒட்டிக்கொள்ளவில்லை. அந்த விமானத்தின் கணினி, ஸ்டிக்கை விட்ட பாதையிலேயே தொடர்ந்து பிடித்து வைக்கும்.

“மூக்கு நேராக நிற்காமல் மேலும் கீழும் ஆடுகிறது”

நிஜ செஸ்னாவில் யோக் (விமானி பிடிக்கும் கைப்பிடிச் சக்கரம்) நிறைய தூரம் நகரும். மேசை ஜாய்ஸ்டிக்கின் நுனி நகர்வது சில சென்டிமீட்டர். அதே எலிவேட்டர் வீச்சை இவ்வளவு குறுகலில் அடைத்தால் நடுவில் தொட்டதெல்லாம் பெரிதாகும். அதனால் வளைவை, அதாவது கை அசைவுக்கு விமானம் எவ்வளவு அசைய வேண்டும் என்ற கணக்கை, மாற்றலாம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் சென்சிட்டிவிட்டியை மைனஸ் பக்கம் கொண்டுபோனால் நடுவில் சாதுவாகவும் கோடியில் வேகமாகவும் ஆகும். மைனஸ் 30இல் ஆரம்பித்துப் பாருங்கள். ரடருக்கும் எலிவேட்டருக்கும் ஒரே எண் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ரடரை நான் நேர்கோட்டுக்குப் பக்கத்திலேயே விட்டுவைப்பேன், காலுக்குக் கிடைக்கும் வீச்சு கையைவிட அதிகம்.

ஆனால் வளைவு எல்லாவற்றையும் தீர்க்காது. ஆட்டத்துக்குப் பாதிக் காரணம் ட்ரிம் (கை அழுத்திப் பிடிக்காமலே மூக்கை அதே நிலையில் நிறுத்தும் அமைப்பு) செய்யாமல் பறப்பது. முதலில் ஸ்டிக்கால் மூக்கை வேண்டிய இடத்தில் பிடியுங்கள், வேகம் நிலைக்கட்டும். பிறகு கையில் உணரும் அழுத்தம் குறையும் பக்கமாக ட்ரிம்மைச் சுற்றுங்கள். நிஜ விமானத்தில் ட்ரிம் செய்ததும் யோக் தானே புது இடத்தில் நிற்கும். வீட்டு ஜாய்ஸ்டிக்கின் ஸ்பிரிங்குக்கு அது தெரியாது, எப்போதும் பழைய நடுவுக்கே இழுக்கும். ஆகவே ட்ரிம் ஏற ஏறக் கையை மெல்லத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். ட்ரிம்மைப் பட்டனில் வைத்திருப்பவர்கள் விட்டு விட்டுத் தட்டுங்கள், அழுத்திப் பிடித்தால் தாண்டிவிடும்.

“மிதித்தால் பெடல் முன்னே ஓடுகிறது, நாற்காலி பின்னே ஓடுகிறது”

டைல்ஸ் தரையில் இதைத் தவிர்க்க முடியாது. பெடலின் அடியில் ரப்பர் மேட் போட்டால் பாதிதான் தீரும், ஏனென்றால் ஓடுவது நாற்காலியும்தான். முன்புறம் சுவர் இருந்தால் பெடலுக்கும் சுவருக்கும் நடுவில் அளவான ஒரு கட்டையைக் கொடுங்கள். நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றி, சறுக்காத குமிழ்களை மாட்டலாம். எல்லாவற்றிலும் உறுதியானது, ஒரே பலகையில் முன்னால் பெடலையும் பின்னால் நாற்காலியின் கால்களையும் சேர்த்து நிறுத்துவது. அப்போது நீங்கள் மிதிக்கும் விசை பலகைக்குள்ளேயே முடிந்துவிடும்.

பெடலில் இறுக்கம் மாற்றும் குமிழ் இருந்தால், தரைப் பிரச்சினையைத் தீர்த்த பிறகு அதைத் தொடுங்கள். ஓடுகிறது என்பதற்காகத் தளர்த்திவைத்தால் கால் வைத்த பாரத்துக்கே ரடர் அசையும்.

“பறந்துகொண்டிருக்கும்போது துண்டித்துக்கொள்கிறது”

நீண்ட பயணத்தில், ஆட்டோபைலட் ஓட்டும்போது, அரைமணி நேரம் பெடலைத் தொடாமல் இருந்து, தரையிறங்கும் நேரத்தில் அது செத்திருந்தால் விண்டோஸின் மின்சிக்கனத்தைச் சந்தேகப்படுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ் போய் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதை டிசேபிள் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ஜாய்ஸ்டிக், த்ராட்டில், பெடல், ஹெட்செட் நான்கையும் தனி அடாப்டர் இல்லாத ஒரே ஹப்பில் தொங்கவிட்டிருந்தால் ஹப்பை மாற்றுங்கள்.

“நேற்று வரை சரி, இன்று எல்லாம் மாறிவிட்டது”

வீடு பெருக்கும்போது யூஎஸ்பிகளைக் கழற்றி வேறு போர்ட்டில் மாட்டினீர்களா? பல நேரம் அதுதான். வேறு போர்ட்டில் வந்ததைப் புதுக் கருவி என்று நினைத்துப் பைண்டிங்கை மறக்கும் மென்பொருள்கள் உண்டு. பழையபடி மாற்றி மாட்டிவிட்டுச் சிமுலேட்டரை மறுபடி திறந்தாலே பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். சிமுலேட்டர் அப்டேட் ஆன மறுநாள் என்றால், உங்கள் ப்ரொஃபைலுக்குப் பதிலாக டிஃபால்ட் ப்ரொஃபைல் தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிஃபால்ட்டையே திருத்தி வைக்காமல், சொந்தப் பெயரில் தனி ப்ரொஃபைலாகச் சேமியுங்கள். ஒற்றை எஞ்சின், ஏர்பஸ் என்று இரண்டு மூன்று வைத்துக்கொண்டால் போதும். எல்லாம் சரியாக இருக்கும் ஒரு நாளில் ஒவ்வொரு கருவியின் பைண்டிங் பக்கத்தையும் செல்ஃபோனில் படம் எடுத்துவிட்டு, எந்த ஒயர் எந்தப் போர்ட் என்று கம்ப்யூட்டரின் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டி எழுதி வையுங்கள்.